மொட்டை போட்டவரைக் கடிச்ச நாய்

தோல் டாக்டர் தாட்சாயணி மேடத்துக்கிட்ட கிருபாகரன் படிச்சிட்டிருந்தான். ஒரு நாள் ஓபில பயங்கர கடுப்பா வந்து நின்னான்.

"மேடம், பவுலின் அக்கா மருந்தை நிறுத்திட்டாங்க!"

பவுலின் கல்யாண வீட்டுல சமைக்கிறவங்க. அவங்களுக்கு லைக்கன் பிளானஸ்ங்கிற தோல் நோய். மணிக்கட்டுல ஊதா ஊதாவா அரிப்பு, வாய்க்குள்ள வெள்ளை வலை மாதிரி புண்ணு. ஒரு சொட்டு குழம்பு பட்டாலே எரியும்.

"நீ என்ன சொல்லிக் குடுத்த?"

"எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்துன்னு. சரிதான மேடம்?"

மேடம் பவுலினை உள்ள கூப்பிட்டாங்க.

"சக்தியைக் குறைச்சா நான் செத்துற மாட்டேனா மேடம்? அதான் அது ஏறட்டும்னு மிளகு கஷாயம் குடிக்கிறேன். எரியுது. உப்பு பார்க்க முடியல, வர்ற ஆர்டரெல்லாம் கைய விட்டுப் போகுது."

"வீட்டுல நாய் இருக்கா?"

கிருபா முழிச்சான்.

"இருக்கு. நல்ல காவல். ஆனா போன வாரம் எங்க வீட்டுக்காரரையே கடிச்சிருச்சு."

"ஏன்?"

"வேளாங்கண்ணி போய் மொட்டை போட்டுட்டு வந்தாரு. அதுக்கு ஆள் அடையாளம் தெரியல!"

"சரி. அப்புறம் நாய்க்கு தெம்பு வரட்டும்னு கறி வாங்கிப் போட்டீங்களா?"

பவுலின் சிரிச்சாங்க. பாதியில சிரிப்பு நின்னுது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாங்க.

"அப்போ என் தோலைக் கடிக்கிறது என் எதிர்ப்பு சக்தியேதானா? நான் குடிச்ச கஷாயம்..."

மேடம் தலையாட்டினாங்க.

கிருபாவுக்கு குஷி தாங்கல. "அப்போ அந்த நாயை ஒரேயடியா விரட்டிரலாமே மேடம்!"

"போங்க தம்பி," பவுலின் முந்திக்கிட்டாங்க. "நிஜமாவே திருடன் வந்தா நீங்களா வந்து குரைப்பீங்க?"

"இப்போ அதை என்ன பண்ணியிருக்கீங்க?" மேடம் கேட்டாங்க.

"கட்டிப் போட்டிருக்கோம். அவருக்கு முடி வளரட்டும், மெதுவா அவிழ்த்து விடலாம்னு."

மேடம் மருந்து ட்யூபை அவங்க கையில வச்சாங்க. பவுலின் அங்கேயே மூடியைத் திறந்து, விரல்ல எடுத்து வாய்க்குள்ள தடவிக்கிட்டாங்க. பேச முடியாம கையை மட்டும் ஆட்டிட்டுப் போனாங்க.

கிருபா கதவையே பார்த்துட்டிருந்தான்.

"மேடம், நாயைக் கட்டியாச்சு. அதுக்கு அடையாளம் தெரியாதபடி தோலுக்கு மொட்டை போட்டது யாரு?"

"அது யாருக்காவது தெரிஞ்சிருந்தா, உன்னை எதுக்கு தினமும் வரச் சொல்றேன்?"