டப்பா மாறிய பொடி

ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் போக வர நாற்பது நாற்பது நிமிஷம். அமலா வாய் திறக்கக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் மிக்ஸி மட்டும்தான் சத்தம் போடும். பக்கத்து சீட்டில் குணவதி வந்து உட்கார்ந்தால்தான் அவளும் ஒரு மனுஷி.

குணவதி கல்யாணமான இரண்டே வருஷத்தில் பெருத்துவிட்டாள். அதே பஸ்ஸில் மேகலை விற்ற உடம்பு இளைக்கும் பொடியை வாங்கி, வீட்டில் யாரும் கண்டுபிடிக்காதபடி சத்துமாவோடு கலந்து வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வேலைக்கே அனுப்ப மாட்டாருக்கா. மாதா மேல சத்தியம் பண்ணு."

அமலா பண்ணினாள்.

மூன்றாம் வாரம் குணவதி சிரித்தாள். "எடை இறங்குதோ இல்லியோ, நெஞ்சு இந்த பஸ்ஸைவிட வேகமா ஓடுதுக்கா."

அப்புறம் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் பத்து நாள் லீவில் போனாள், மாவு டப்பாவோடு. அவள் போன மூன்றாம் நாள் பொடி தயாரித்தவர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது: தடை செய்த மருந்து கலந்திருக்கிறது, இதயத்தைக் கெடுக்கும், உடனே நிறுத்தித் திருப்பிக் கொடுங்கள். மேகலை அதை பஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். "நான் சொல்லியாச்சு" என்றாள். குணவதி வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் புருஷன் பார்த்திபன் சட்டைப்பையில்.

அமலா அவனிடமே போய் நாத்தனார் நம்பர் கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லுங்க. எனக்குத் தெரியாம அவளுக்கு என்ன ரகசியம்?"

 அமலா ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

அவன் போன் போட்டபோதே அங்கே குணவதிக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது; பொடி விஷயத்தை டாக்டரிடம் சொல்ல வைத்தான். நாலு நாள் ஆஸ்பத்திரி. குணவதி பிழைத்தாள். வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதிக் கொடுக்க ஒரே ஒரு நாள் பஸ்ஸில் வந்தாள், புருஷன் துணைக்கு. "மாதா மேல பண்ணினியே" என்றாள். அக்கா என்ற சொல் இல்லை.

மேகலை நொடித்தாள். "மாவுல வண்டு விழுந்திருக்கு, கொட்டிடச் சொல்லுங்கன்னா போதாதா? சத்தியமும் நின்னிருக்கும், சிநேகமும் நின்னிருக்கும்."

சொல்லுங்கள்: குழுவில் போட்டதோடு நின்றது சரியா, சத்தியத்தை உடைத்தது சரியா, வண்டு என்று பொய் சொல்லியிருப்பதுதான் சரியா?

விடை: அமலா செய்ததே சரி. காதே இல்லாத இடத்தில் சொன்னது சொன்னதாகாது. மேகலை தன் கையைத்தான் கழுவினாள். வண்டுப் பொய் டப்பாவைக் காலி செய்திருக்கும். நெஞ்சு ஓட ஆரம்பித்த பிறகு, உள்ளே போனது என்னவென்று டாக்டருக்கு யார் சொல்வது? சத்தியமும் ஒரு பேரம்தான். இளைக்கும் பொடிக்குச் செய்தது விஷத்துக்குச் செல்லாது. சரக்கு வேறென்றால் பேரம் முறிந்தது, மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. அமலா கேட்கவுமில்லை. அவள் என்னோடு பேசாமல் இருப்பதற்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே என்கிறாள், தனக்குத்தானே.