மஞ்சாயி கேட்ட ஒரு பிடி சாம்பல்

பூமி பிறப்பதற்கு முந்தின அந்தக் காலத்தில் வானத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பேசுவார்கள். அங்கே அனலாத்தாள் என்று ஒரு பெரிய நட்சத்திரம் இருந்தாள். மலை மாதிரி உடம்பு. உள்ளே எரிகிற அடுப்புதான் அதைத் தாங்கி நிறுத்தியது. அடுப்பு அணைந்தால் சரிந்துவிடுவாள்.

அதனால் சாம்பலைக்கூட வெளியே கொட்டமாட்டாள். ஒன்று எரிந்த சாம்பலையே அடுத்ததுக்கு விறகாக்கி எரிப்பாள்.

"எதுக்கு அக்கா இந்த அவசரம்? என்னைப் பாரு, ஒரு சுள்ளியை வச்சே காலத்தை ஓட்டுறேன்" என்று பக்கத்துச் சின்ன நட்சத்திரம் குறுமணி கேலி செய்வாள்.

"உனக்கு அது போதும்டி. நான் என்ன உன்னை மாதிரி கொசுவா?"

ஒருநாள் மஞ்சாயி என்ற மேகம் வாயும் வயிறுமாக வந்து நின்றாள்.

"அக்கா, முன்னாடி ரெண்டும் தங்கல. இதுவும் வெறும் புகையாவே இருக்கு. உன் அடுப்புச் சாம்பல் தின்னணும் போல இருக்கு. ஒரு பிடி குடேன்."

"சாம்பலா? அது நாளைக்கு என் விறகு. போ போ."

"பிள்ளை உண்டானவ ஆசையா கேக்குறா, இல்லைன்னு சொல்லாதே அக்கா" என்றாள் குறுமணி. அனலாத்தாள் காதில் வாங்கவில்லை. மஞ்சாயி கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இப்படிச் சாம்பலையே எரித்து எரித்து, கடைசியில் அடுப்பில் இரும்புச் சாம்பல்தான் மிச்சம். அனலாத்தாள் ஊதிப் பார்த்தாள், கிளறிப் பார்த்தாள். மற்றதெல்லாம் சூடு கொடுத்தது, இரும்போ இருந்த சூட்டையும் தின்றது. அடுப்பு அடங்கியது. உடம்பு உள்ளே சரியத் தொடங்கியது.

"அக்கா, கெட்டியா பிடிச்சுக்கோ!" குறுமணி கத்தினாள்.

பிடிக்கலாம்தான். பிடித்தால் எல்லாம் தனக்குள்ளேயே புதைந்து இருட்டாகிவிடும். இனி இந்த இரும்பு தனக்கு எரியவும் போவதில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய் மஞ்சாயி, இன்னும் அந்த ஆசை இருக்கா?"

"இருக்கு அக்கா."

"அப்போ மடியை விரி."

சொல்லிவிட்டுப் பிடியை விட்டாள். வெடித்த வெடிப்பில் வானமே வெளுத்தது. குறுமணி கண் திறந்தபோது அக்கா இருந்த இடம் காலி.

மஞ்சாயி அழுதுகொண்டே அள்ளி அள்ளித் தின்றாள். அந்தத் தடவை பிள்ளை தங்கியது. சூரியன் பிறந்தான், கூடவே பூமியும். அந்த இரும்பு மண்ணில் சேர்ந்தது, நம் ரத்தத்திலும் சேர்ந்தது.

பிள்ளை உண்டானவர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கிள்ளு மண்ணோ சாம்பலோ எடுத்து வாயில் போட்டுக்கொள்வது அன்று தொடங்கியதுதான். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.