கடன் போன டான்ஸ் பீரியட்

காட்டோரம் ஒரு மருத மரம். அதன் பொந்துக்குள் தேனீக்களின் பள்ளிக்கூடம். அதற்குத் தலைமை ஆசிரியை தில்லைநாயகி டீச்சர். அவரும் தேனீதான். ஆனால் அவர் நடந்து வருகிற தோரணையைப் பார்த்தால் யாருக்கும் அது ஞாபகம் வராது. ஏதோ கலெக்டர் வருகிறார் என்று தோன்றும்.

எதிரே ஒரு புளிய மரம். அங்கே குளவிகள் பள்ளிக்கூடம் நடத்தின. ஒருநாள் காலையில் டீச்சர் வெளியே எட்டிப் பார்த்தார். புளிய மரத்தில் பெரிய பேனர் தொங்கியது. 'கணக்கில் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு' என்று எழுதி, வரிசையாகக் குளவிகளின் முகத்தைப் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே முகம். டீச்சருக்கு வயிறு எரிந்தது.

குளவிக்கு ஒரு சொட்டுத் தேன் எடுக்கத் தெரியுமா? தெரியாது. அதைப் பார்த்துத் தேனீ எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? இதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் தோன்றும். டீச்சருக்குத் தோன்றவில்லை.

அன்று மூன்றாவது பீரியட் டான்ஸ். மரகதம் டீச்சர் பிள்ளைகளை நிறுத்தி வைத்து, "இடுப்பை ஆட்டு, வளைஞ்சு திரும்பு, மறுபடி ஆட்டு" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகி டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"மரகதம், இந்த ஒரு பீரியடைக் கணக்குக்குக் கடன் குடுங்க."

"இன்னைக்குத்தான் டீச்சர் தூரத்துப் பூவுக்கான ஆட்டம் ஆரம்பிச்சிருக்கேன்."

"ஒரே ஒரு நாள். நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

கடன் போன டான்ஸ் பீரியட் திரும்பி வந்ததை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அடுத்த வாரமும் கணக்கு. அதற்கடுத்த வாரமும் கணக்கு. பாட்டு பீரியடும் பின்னாலேயே போனது. அறை கட்டப் பழகுகிற கைவேலை பீரியடும் போனது. அதனால் புதிதாகக் கட்டின அறைகளில் ஒன்று முக்கோணமாக வந்தது. அதில் படுத்த குழந்தை உருண்டு விழுந்துகொண்டே இருந்தது. அந்த முக்கோணத்தின் கோணங்களை எல்லாம் கூட்டினால் எத்தனை டிகிரி வரும் என்பது மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

மரகதம் டீச்சரை வாசலில் நின்று இறக்கையால் காற்று வீசச் சொல்லிவிட்டார்கள்.

"உங்களுக்குத்தான் ஆடுறதுன்னா உசிராச்சே. அதை இங்க நின்னு ஆடுங்க, கூட்டுக்குள்ள கொஞ்சம் காத்தாவது வரும்" என்றார் தில்லைநாயகி டீச்சர். மரகதம் டீச்சர் சும்மா சொல்லக்கூடாது, நல்ல ரோஷக்காரர். அன்றிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியை உள்ளே நுழையும்போது மட்டும் காற்று வீசுவதை நிறுத்திவிடுவார்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய்த் தேனீ எழுந்து, "புள்ளைங்களுக்கு ஆட்டமே வேணாமா டீச்சர்?" என்று கேட்டது.

"ஆட்டமா சோறு போடும்?" என்றார் டீச்சர்.

எல்லோரும் கைதட்டினார்கள். கேட்ட தாயும் தட்டியது. அங்கேதான் சனி பிடித்தது.

ஏனென்றால் தேனீக்கு ஆட்டம்தான் சோறு போடுகிறது. பூவைக் கண்டுபிடித்தவள் கூட்டுக்கு வந்து ஆடிக் காட்டுவாள். எந்தப் பக்கம் சாய்ந்து ஆடுகிறாளோ அது திசை. எவ்வளவு நேரம் இடுப்பை ஆட்டுகிறாளோ அது தூரம். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து பார்த்தால் புரியாது. அவள் முதுகோடு ஒட்டி நின்று கூடவே ஆட வேண்டும். ஆட ஆட வழி உடம்பில் ஏறிவிடும். வாசலிலேயே வேப்பம்பூ கொட்டிக் கிடந்த காலத்தில் யாரும் யாருக்கும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. அதனால் டீச்சர் உள்பட எல்லோருக்கும் இது மறந்தே போனது.

வேப்பம்பூ ஓய்ந்தது. வெயில் ஏறியது. அடையில் இருந்த தேன் வற்றிக்கொண்டே வந்தது. மேற்கே மலை உச்சியில் மேகம் கூட ஆரம்பித்தது. ராணியம்மா டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தில்லை, மழை பிடிச்சுக்கிட்டா ஒருத்தரும் வெளிய போக முடியாது. அதுக்குள்ள அடை நிறையலேன்னா இந்தக் குழந்தைங்க ஒண்ணுகூடத் தேறாது."

டீச்சர் அறை அறையாகப் பார்த்தார். குழந்தைகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தது டீச்சர்தான். அதட்டுகிற வாய்தானே தவிர, அவருக்கு மனசு வெண்ணெய். தாங்க முடியாமல், மறுநாள் விடிந்ததும் தானே பறந்து போனார்.

அலைந்து அலைந்து கடைசியில் கண்டுபிடித்தார். ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு பள்ளத்தில், நாவல் மரங்கள். கிளை தெரியாமல் பூத்திருந்தன. வாசனையே ஆளைத் தூக்கியது. டீச்சர் ஒரு பூவில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு அழுதேவிட்டார். கூட்டுக்குத் திரும்பி வந்து மூச்சு வாங்கப் பிள்ளைகளை எழுப்பினார்.

"எல்லாரும் கெளம்புங்க. சூரியனுக்கு இடது பக்கமா கொஞ்சம் சாய்ஞ்சு போங்க. ஓடை வரும். தாண்டினா ஒரு கறுப்புப் பாறை. அதுக்குப் பின்னால பள்ளத்துல நாவல் பூத்துக் கெடக்கு."

ஒருத்தரும் அசையவில்லை. முதல் ரேங்க் எடுக்கிற மதிவதனி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இது பாடத்துல இருக்கா?"

"இல்லம்மா, இது பூ."

"ஒரு மார்க்கா, அஞ்சு மார்க்கா டீச்சர்?"

"மார்க் இல்லடி, சாப்பாடு!"

"கொஞ்சம் சாய்ஞ்சுன்னா எத்தனை டிகிரி டீச்சர்? நீங்கதானே சொன்னீங்க, கொஞ்சம்னு எழுதினா மார்க் கெடையாதுன்னு."

வழி டீச்சர் உடம்புக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் வாய்க்கு வரவில்லை. "முதல்ல நான் சொன்னதை மனப்பாடம் பண்ணுங்க" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்? பழக்கம் அப்படி.

பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தார்கள். 'சூரியனுக்கு இடது பக்கம், சூரியனுக்கு இடது பக்கம்' என்று கூடே அதிர்ந்தது. கமா, முற்றுப்புள்ளி விடாமல் ஒப்பித்து முடித்துவிட்டு, மதிவதனி தலைமையில் ரேங்க் வரிசையில் பறந்தார்கள். அவர்கள் ஒப்பித்து முடிப்பதற்குள் சூரியன் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. அதுதான் எந்தப் பாடத்திலும் இல்லையே! சூரியனுக்கு இடது பக்கமாகவே போனார்கள். நாவல் மரம் வடக்கே இருந்தது, பிள்ளைகள் தெற்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கேயும் ஒரு ஓடை இருந்தது. தாண்டினால் கறுப்பாக, பெரிதாக, உருண்டையாக ஒன்று. "பாறை வந்துடுச்சு" என்றாள் மதிவதனி. பின்னால் பள்ளம் இல்லை. அதனால் பாறை மேலேயே வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். பாறை கொட்டாவி விட்டது.

"யாரும்மா அது முதுகு மேல?" என்று கேட்டது கரடி.

"விடை சரியாத்தான் இருக்கு. பூ இன்னும் வரல. வரும்னு உக்காந்திருக்கோம்" என்றாள் மதிவதனி.

கரடிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தேனீ இருந்தால் கூடு இருக்கும், கூடு இருந்தால் தேன் இருக்கும் என்கிற கணக்கு அதற்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகள் திரும்பிப் பறக்க, நைசாகப் பின்னாலேயே வந்தது. மருத மரத்தில் ஏறிப் பொந்துக்குள் மூக்கை விட்டது. கையை விட்டுத் துழாவியது. ஒரு சொட்டுக்கூட இல்லை. முக்கோண அறையிலிருந்து ஒரு குழந்தை உருண்டு அதன் கையில் விழுந்தது.

கரடி அதை மெல்ல எடுத்து அறையில் படுக்க வைத்தது. மறுபடியும் உருண்டது. மறுபடியும் படுக்க வைத்தது. பிறகு தான் தின்றுகொண்டிருந்த பாதி இலந்தைப் பழத்தை வாசலில் வைத்து, "புள்ளைங்களுக்குக் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனது.

கொட்டி விரட்ட வேண்டிய கரடி பிச்சை போட்டுவிட்டுப் போகிறது. தில்லைநாயகி டீச்சருக்கு உயிரே போய்விட்டது. நேராக வாசலுக்குப் போனார். மரகதம் டீச்சர் காற்று வீசுவதை நிறுத்தினார்.

"மரகதம், நீங்க ஆடுங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"எந்தக் கால்ல? எனக்கு ஆறு இருக்கு" என்றார் மரகதம் டீச்சர். ரோஷம் இன்னும் தீரவில்லை. ஆனால் உள்ளே குழந்தைகள் முனகுவது அவர் காதிலும் விழுந்தது. "நான் என்னத்தை ஆடுறது டீச்சர்? பூவைப் பார்த்தது நீங்க. பார்த்தவங்கதான் ஆடணும்."

"நானா? புள்ளைங்க முன்னாலயா?"

"பின்ன, அந்தக் கரடியா ஆடும்?"

டீச்சர் அடை மேல் ஏறினார். பள்ளிக்கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு விறைத்துப்போய் இப்படியும் அப்படியும் நகர்ந்தார். பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள்.

"டீச்சர், அது இடுப்பு, டஸ்டர் இல்ல. தட்டாதீங்க, ஆட்டுங்க" என்றார் மரகதம் டீச்சர்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"எண்ணாதீங்க. நாவல் மரத்துக்கு முன்னால நிக்கிறதா நெனைச்சுக்குங்க."

டீச்சர் கண்ணை மூடினார். அந்த வாசனை வந்தது. கிளை தெரியாமல் பூத்த பூ வந்தது. வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற குழந்தைகள் வந்தன. அவ்வளவுதான். தலைமை ஆசிரியை, பேனர், புளிய மரம் எல்லாம் போய்விட்டது. ஆடினார் பாருங்கள், ஒரு ஆட்டம்! பேசத் தெரியாமல் வாயடைத்து நின்றதை எல்லாம் இடுப்பு சொன்னது. சூரியன் இப்போது எங்கே நிற்கிறதோ அதற்குத் தக்கபடி உடம்பு தானாகச் சாய்ந்தது.

பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. மதிவதனிதான் முதலில் போய் டீச்சர் முதுகோடு ஒட்டி நின்றாள். அவள் ஆட, அடுத்தவள் ஆட, வால் நீண்டுகொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் மதிவதனி கத்தினாள்.

"டீச்சர், எனக்குத் தெரியுது! எப்படித் தெரியுதுன்னு தெரியல, ஆனா தெரியுது!"

மார்க் எவ்வளவு என்று கேட்காமல் பறந்தாள். கூடே அவள் பின்னால் கிளம்பியது. இருட்டும்வரை போவதும் வருவதுமாக இருந்தார்கள். மறுநாளும் அப்படியே. மலையிலிருந்து மழை இறங்கி வந்தபோது அடையில் இடமே இல்லை. வயிறு நிறைந்த குழந்தைகள் தூங்கின. முக்கோண அறையில் இருந்ததை மட்டும் ஒருத்தி கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் கரடி விசாரிக்க வந்தது. இந்த முறை முறைப்படி கொட்டி விரட்டினார்கள். "என் பாதிப் பழத்தையாவது குடுங்கம்மா" என்று கத்திக்கொண்டே ஓடியது.

பள்ளி திறந்த அன்று மரகதம் டீச்சர் வழக்கம்போல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தில்லைநாயகி டீச்சர் அவர் எதிரில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உள்ள வாங்க மரகதம். வாங்கின பீரியடைத் திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன். ரொம்ப நாளாயிடுச்சு, அதனால வட்டிக்குக் கணக்கு பீரியடையும் எடுத்துக்குங்க."

ஆட்டத்தையும் பாட்டையும் பிடுங்கிக்கொண்டு கொடுக்கிற படிப்பு, பூ இருக்கும் இடம் தெரிந்தும் பட்டினி கிடப்பதற்குத்தான் உதவும்.