வந்தவன் மூலை

குரு, சிஷ்யன்னு ஆரம்பிச்சதுமே நிமிர்ந்து உக்காந்துட்டீங்க பாருங்க. மலை வரும், ஆறு வரும், வெள்ளைத் தாடி வரும். கடைசியில ஒரு நல்ல வார்த்தை வரும், அதை அப்படியே நாலு குரூப்புக்கு அனுப்பிடலாம். அதானே?

மலை கிடையாது. லண்டன்ல ஒரு ரயில் பாலம். அதுக்கு அடியில ஒரு பாக்ஸிங் ஜிம். மேல ரயில் போனா கீழ சுவத்துக் கண்ணாடி நடுங்கும்.

குருவுக்குத் தாடியும் கிடையாது. பேரு ஆக்னஸ். நாப்பது வயசு. பெரிய பெரிய சண்டைக்கெல்லாம் ரெஃப்ரியா நின்னவங்க. இப்ப ரெஃப்ரிங்களுக்கே சொல்லிக்குடுக்கறாங்க. 'மேடம்'னு கூப்பிட்டா முறைப்பாங்க, 'மாஸ்டர்'னுதான் கூப்பிடணும்.

சிஷ்யன் சிரிலுக்கு வயசு அம்பதைத் தாண்டிடுச்சு. ராயபுரத்துக்காரர். அவரும் ரெஃப்ரிதான்.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில தொப்பி, மஃப்ளர், கறுப்புக் கண்ணாடியோட சிரில் ஜிம்முக்குள்ள வந்தார். வெளிய குளிரும் இல்ல, வெயிலும் இல்ல.

"யாருக்குப் பயந்து இந்த வேஷம்?"

"ஊருக்குத்தான் மாஸ்டர். நான் குடுத்த தீர்ப்பு தப்பா?"

"எந்தத் தீர்ப்பு?"

சிரில் கண்ணாடியைக் கழட்டல. அப்படியே சொன்னார்.

பெரிய சண்டைன்னா ரிங்கைச் சுத்தி மூணு ஜட்ஜ் உக்காந்து மார்க் போடுவாங்க. சின்ன ஹால்ல அந்த வசதி கிடையாது. உள்ள நிக்கிற ரெஃப்ரியே மார்க் போடணும். மணி அடிச்சதும் ஜெயிச்சவன் கையை அவரே பிடிச்சுத் தூக்கணும். பழி போட வேற ஆள் இல்ல.

வெள்ளிக்கிழமை அப்படி ஒரு ஹால். ஒரு மூலையில அந்த ஊர்ப் பையன் டேனி. ஹால் நிறைய அவன் ஆளுங்க. எதிர் மூலையில வெளியூர்லேர்ந்து வந்தவன். அந்த மூலைக்கு வர்றவங்களுக்கு வாரம் ஒரு ஊரு, வாரம் ஒரு தோல்வி. தோக்கறதுக்குத்தான் கூப்பிடறதே.

மணி அடிச்சுது. சிரில் டேனி கையைத் தூக்கினார்.

"ஹாலே அமைதியாயிடுச்சு மாஸ்டர். டேனியோட அம்மா கைதட்டல. அவ்ளோ ஏன், டேனியே என் மூஞ்சியைப் பாக்கல."

சிரில் மஃப்ளரை இன்னும் இறுக்கிக்கிட்டார்.

"வீடியோ ஊரெல்லாம் சுத்துது. என் பொண்ணு கேக்கறா, 'டாடி, யாராவது மிரட்டுனாங்களா?'ன்னு. மிரட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் மாஸ்டர். அவகிட்ட சொல்றதுக்கு ஒரு காரணமாவது கிடைச்சிருக்கும்."

"இப்ப எங்கிட்ட என்ன வேணும்?"

"புதன்கிழமை பாக்ஸிங் போர்டுல கூப்பிட்டிருக்காங்க. லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க போலிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. நெருக்கமான சண்டை, எப்படி வேணாலும் போயிருக்கலாம்னு. அவ்ளோதான். பொய்யில்ல மாஸ்டர். நெருக்கமான சண்டைதான்."

"நான் பாக்கலையே."

சிரில் அவசரமா ஃபோனை எடுத்தார். "இதோ, வீடியோ..."

"உள்ள வைங்க. அதுல இருக்கறது கேமராக்காரன் பாத்தது. நீங்க பாத்ததைக் காட்டுங்க. நெருக்கமா இருந்தா புதன்கிழமை நானே வந்து சொல்றேன்."

"செஞ்சு காட்டவா?"

"அதுலதான் நீங்க மன்னனாச்சே."

உண்மைதான். சிரில் ஒருத்தரை ஒரு தடவை பாத்தா போதும், நடை, இருமல், மூக்கு உறிஞ்சல் உட்பட அப்படியே இறக்கிடுவார். போன கிறிஸ்துமஸுக்கு பாதிரியார் எதிர்லயே பாதிரியாரைச் செஞ்சு காட்டினதுல, பாதிரியாரே எழுந்து நின்னுட்டார்.

தொப்பி போச்சு, மஃப்ளர் போச்சு, கண்ணாடியும் போச்சு. ரெண்டு நாளா குனிஞ்சிருந்த மனுஷன் கயித்தைத் தூக்கிட்டு ரிங்குக்குள்ள குதிச்சார்.

ஓரத்துல குபேந்திரன் டவல் மடிச்சுக்கிட்டிருந்தார். ஆக்னஸோட வீட்டுக்காரர். பாக்ஸிங்ல அவருக்குத் தெரிஞ்சது டவல் துவைக்கறது மட்டும்தான். யாருக்கு ரத்தம் வந்தாலும் மயக்கம் அவருக்கு வரும். இப்ப அவரும் மடிக்கறதை நிறுத்திட்டுப் பக்கத்துல வந்து நின்னார்.

"டேனி வர்றான் பாருங்க," சிரில் சொன்னார்.

நிஜமாவே டேனி வந்தான். இடது காலைத் தரையில தேச்சுக்கிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டு, தோளை ஒரு குலுக்கு குலுக்கிட்டு வந்தான். "ஸ்ஸ்"னு மூச்சு விட்டுக்கிட்டே ஒரு குத்து விட்டான். உடனே சிரிலே கூட்டமா மாறி "ஓஓ"ன்னு கத்தினார்.

குபேந்திரன் கைதட்டினார். "அண்ணே, தூள்!"

"பட்டுச்சா?" ஆக்னஸ் கேட்டாங்க.

"க்ளவுஸ்ல பட்டுது. ஆனா என்ன சத்தம் மாஸ்டர்! அடுத்து பாருங்க, டேனி குனியறான், எழுந்திருக்கறான், வலது கையை விடறான்..."

"ஓஓ!" இந்தத் தடவை குபேந்திரனும் சேந்து கத்தினார்.

"பட்டுச்சா?"

"கொஞ்சம் தள்ளிப் போச்சு. அப்புறம் டேனி கயித்துல சாயறான். மூச்சு வாங்கறான். உதட்டைத் துடைக்கறான். தலையை ஆட்டறான், 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு..."

"உதட்டைத் துடைச்சானா? ஏன்?"

"ரத்தம் மாஸ்டர்."

"எப்படி வந்துச்சு?"

டேனி அப்படியே பாதியில நின்னுட்டான்.

ஆக்னஸ் செருப்பைக் கழட்டிட்டு ரிங்குக்குள்ள ஏறினாங்க. இடது காலைத் தேச்சுக்கிட்டே வந்து, மூக்கை உறிஞ்சி, தோளைக் குலுக்கி எதிர்ல நின்னாங்க.

"இப்ப நான் டேனி. நீங்க மத்தவன்."

"நானா?"

"அவன் செஞ்சதைச் செய்ங்க."

சிரில் கையைத் தூக்கினார். இடது காலை முன்னாடி வெச்சார். யோசிச்சார். மாத்தி வலது காலை வெச்சார். மறுபடி மாத்தினார்.

"இடது கை ஆளா, வலது கை ஆளா?"

சிரில் ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பாத்தார்.

"உங்களைவிட உயரமா?"

"டேனிக்கு இந்த உயரம் மாஸ்டர்..." கையை எங்கியோ காத்துல வெச்சார்.

மேல ரயில் போச்சு. கண்ணாடி நடுங்கி நின்னுது. அந்தக் கண்ணாடியில ஒரு அம்பது வயசு ஆளு கையை மடக்கிக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தார். யாரு மாதிரியும் இல்ல.

"எது வேணா செய்ங்க சிரில்," ஆக்னஸ் மெதுவா சொன்னாங்க. "நாலு ரவுண்டு. ஒரு கை தூரத்துல நின்னிருக்கீங்க. ஒரு குத்து. ஒரு மூச்சு. ஏதாவது ஒண்ணு."

கடைசியில சிரிலோட வலது கை மட்டும் அசைஞ்சுது. மெள்ள மெள்ள முன்னாடி வந்துது. குத்து இல்ல. மணிக்கட்டை மேல காட்டி, தளர்வா. கூடவே முகத்துல ஒரு சின்ன சிரிப்பு. வெக்கப்பட்ட சிரிப்பு. இவ்ளோ நேரம் செஞ்சு காட்டினதுலயே அதுதான் அச்சு அசலா இருந்துது.

"இது எப்போ?"

"மணி அடிச்சதும். எங்கிட்ட வந்து நின்னு, கையை நீட்டினான்."

"எதுக்கு?"

"தூக்கறதுக்கு."

குபேந்திரன் முகத்துல இருந்த சிரிப்பு போயிடுச்சு.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"குலுக்கினேன் மாஸ்டர். 'நல்லா ஆடினே தம்பி'ன்னு சொல்லிட்டு, டேனி பக்கம் போயிட்டேன்."

ஆக்னஸ் அந்தக் கையைத் தொடல. சிரிலுக்கு அதைக் கீழ இறக்கவும் தெரியல. நீட்டின கையோட, காதெல்லாம் சிவந்து, தரையைப் பாத்துக்கிட்டே முனகினார்.

"நெருக்கமான சண்டைதான் மாஸ்டர்."

"என்ன அண்ணே நெருக்கம்?" கையில டவலோட குபேந்திரன் பொறுக்க முடியாம கத்திட்டார். "மணி அடிக்கற வரைக்கும் நீங்க அவனைப் பாக்கவே இல்லியே!"