சிறுத்தைக்கு மறுத்த கருவேர்

ஏரிக்கரைக் காட்டு ஆஸ்பத்திரியில் மரங்கொத்தி டாக்டர், முள்ளம்பன்றி மருந்தாளுநர். அங்கே ஒரு கெட்ட பழக்கம். வலுத்தவன் தும்மினால் வலுத்த மருந்து.

தும்மலுக்கெல்லாம் செம்பட்டை என்ற மரப்பட்டைச் சாற்றைக் கொடுத்துக் கொடுத்து, கிருமிகள் அதற்குப் பழகிவிட்டன. புண்ணில் சீழ் பிடித்துக் கிடந்த முயலுக்கு அந்தச் சாறு கேட்கவே இல்லை. மிச்சமிருந்த மருந்து கருவேர் ஒன்றுதான். அதுதான் முயலின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. கிருமிகள் அதற்கும் பழகிவிட்டால்? நினைத்தாலே முள்ளம்பன்றிக்கு முட்கள் சிலிர்த்தன.

ஒருநாள் சிறுத்தை ஜுரத்தோடு மூக்கொழுக வந்தது. மரங்கொத்தி அதன் மார்பைத் தட்டிப் பார்த்து, "சளிதான்" என்றது. சிறுத்தை உறுமியது. "சரி, கருவேர் கொடு" என்றது மரங்கொத்தி.

முள்ளம்பன்றி ஜாடியைத் தொடவில்லை. "டாக்டர், மார்பில் சத்தம் கேட்டதா?"

"இல்லை."

"எங்கேயாவது சீழ்?"

"இல்லை."

"அப்புறம் கருவேர் எதுக்குங்க?"

"என் கழுத்து இருக்கிற இடத்திலேயே இருக்கத்தான்" என்று மரங்கொத்தி கிசுகிசுத்தது.

சிறுத்தை பாதத்தை மேடைமேல் வைத்தது. "ஏய், முயலுக்கு உண்டு, எனக்கு இல்லையா?"

"அதுக்குச் சீழ், உங்களுக்குச் சளி. சளிக்கு இந்த வேர் கேட்காது, ஐயா. சும்மா கொடுத்தால் கிருமிக்குத்தான் பழகும். நாளைக்கு உங்க காலில் முள் ஏறிச் சீழ் பிடித்தால் எதைக் கொடுப்பேன்?"

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னை உரிச்சிடுவேன்."

"என்னை உரிக்கிறது லேசு இல்லீங்க. இங்கேயே படுங்க. மூச்சு வாங்கினால், டாக்டர் வேணும்னு சொன்ன நொடியே வேரைக் கொண்டு வர்றேன்."

முள்ளம்பன்றி இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்தது. சிறுத்தை இருமும்போதெல்லாம் ஓடிப்போய் மரங்கொத்தியைக் கூட்டி வந்தது. நாம்தான் தப்பாகக் கணித்துவிட்டோமோ? இதன் உயிரோடு விளையாடுகிறோமோ? ஒவ்வொரு தட்டலுக்கும் மரங்கொத்தியின் முகத்தையே பார்த்து நின்றது.

பொழுது சாயும்போது ஜுரம் விட்டது. சிறுத்தை சோம்பல் முறித்து எழுந்தது. "டாக்டருக்குக் கைராசி" என்று சொல்லிவிட்டு நடந்தது. முள்ளம்பன்றியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய இடத்து நன்றி என்றைக்குச் சரியான வாசலுக்கு வந்தது?

உள்ளே முயல் கண் விழித்துப் புல் கேட்டது.

மரங்கொத்தி தயங்கித் தயங்கி அருகே வந்தது. "வெளியே நரி தும்முகிறான். அவனும் கருவேர்தான் கேட்பான். நீயும் கூட வா, சேர்ந்தே பார்ப்போம்."

அதிகாரம் தும்மும்போதெல்லாம் நீட்டப்படும் மருந்து, உயிர் ஊசலாடும்போது யாருக்கும் கேட்காது. வேண்டாத இடத்தில் அதை மறுக்கத் துணிந்த கைதான் எல்லாரையும் காக்கும்.