வீட்டுக்கு ஒரு கத்தி

“ஆசானே, வீட்டுல வைக்க எந்தக் கத்தி நல்லது?”

தாசையன் களரியின் மண்தரையில் செய்தித்தாளை விரித்துக் கத்திகளை வைத்தான். ஒரு வெட்டுகத்தி. மீன் அறுக்கும் பிச்சாத்தி. மார்த்தாண்டத்தில் வாங்கிய மடக்குக் கத்தி. அதில் கடைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

லில்லிபாய் ஆசான் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுப்பவர் அவர். தாசையனைவிட வயதில் இளையவர்.

“என்ன நடந்துது, அண்ணாச்சி?”

“போன வாரம் கள்ளன் கேறிட்டான். அடுக்களைக் கதவத் தள்ளிட்டு வந்திருக்கான். இவ கழுத்துச் சங்கிலியப் பிடிச்சு இழுத்தான்.”

அவன் மனைவி புஷ்பம் வாசலருகே நின்றாள். சங்கிலி அறுத்த காயம் அவள் கழுத்தில் இன்னும் ஆறவில்லை.

“நீங்க என்ன செஞ்சீங்க?”

தாசையன் கத்திகளை நேராக அடுக்கினான்.

“நான் கூவினேன்,” என்றாள் புஷ்பம். “அவன் ஓடிட்டான். சங்கிலி போனா போகட்டும்னு சொன்னா இவரு கேக்கமாட்டேங்காரு.”

“எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல,” என்றான் தாசையன். “கட்டின பெண்டாட்டி கூவுதா. நான் மரம் மாதிரி நின்னேன். இனி நிக்கமாட்டேன். எந்தக் கத்தின்னு மட்டும் சொல்லுங்க.”

ஆசான் உள்ளே போனார். ஒரு சாண் நீளச் சுள்ளியோடு வந்தார். அதன் முழுநீளத்துக்கும் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசியிருந்தார்.

“இதுதான் கத்தி. நான்தான் கள்ளன்.”

“உங்கமேலயா?”

“பிடிங்க.”

பிடித்தான்.

ஆசான் நேரே நடந்து வந்தார். தாசையன் தயங்கினான். பிறகு வீசினான். வெள்ளைச் சட்டையின் தோளில் கரி விழுந்தது.

“பட்டுது!”

ஆசான் நிற்கவில்லை.

“பட்டுதே, ஆசானே!”

“கள்ளனுக்கு அது தெரியண்டாமா?”

அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் உதறினான். மறுபடி பிடித்தார். தாசையனுக்கு மூச்சு இரைத்தது. போன வாரத்துக் கோபம் எல்லாம் கைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். இருவரும் சுவரில் மோதினார்கள்.

“ஏங்க, விடுங்க! ஆசான விடுங்க!”

புஷ்பம் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் திமிறித் திரும்பினான்.

“மதி, போதும்,” என்றார் ஆசான்.

எல்லாரும் நின்றார்கள்.

தாசையன் ஆசானின் சட்டையைப் பார்த்தான். தோளில் கரி. கையில் கரி. விலாவில் நல்ல அழுத்தமான கரி. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“கள்ளன் பிழைக்கமாட்டான்.”

“உங்களப் பாருங்க.”

பார்த்தான். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. முழங்கையில் ஒரு கரிக்கீறல். காதுக்குக் கீழே தொட்டான். விரலில் கரி வந்தது.

“இது எப்ப?”

“எனக்குத் தெரியாது. கத்தி உங்க கையிலதான் இருந்துது.”

தாசையன் சற்று யோசித்தான்.

“இருக்கட்டும். அவனும் போகட்டும், நானும் போறேன். நின்னு பாத்ததுக்கு அது மேல்.” அவன் செய்தித்தாளின் பக்கம் கையை நீட்டினான். “சொல்லுங்க. இதுல எது?”

“மைனிகிட்டக் கேளுங்க.”

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

புஷ்பம் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“கைய எடு,” என்றான்.

அவள் எடுக்கவில்லை.

“எடு, புஷ்பம்.”

எடுத்தாள். மஞ்சள் சேலையில், விலாவிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே கோடு. சாய்வாக. நடுவில் எங்கும் விட்டுப்போகவில்லை.

“எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள் அவள். “வலிக்கவே இல்ல.”

தாசையனின் கையிலிருந்து சுள்ளி விழுந்தது. முழங்காலிட்டு அந்தக் கோட்டை உள்ளங்கையால் துடைத்தான். கையிலிருந்த கரியும் சேர்ந்து அது இன்னும் பரவியது. மறுபடி துடைத்தான். மறுபடி பரவியது. அவன் நிறுத்தவில்லை.

ஆசான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார்.

“கரிதான், அண்ணாச்சி. கழுவினா போயிரும்.”