முளைகட்டிய மானியம்

முன்னொரு காலத்தில், மழை பொய்த்து மீண்ட ஒரு நாட்டின் அரசருக்கு இரக்கம் பொங்கியது. பஞ்சத்தில் விதைநெல்லையும் சமைத்து உண்டுவிட்ட குடியானவர்களுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து விதையை மானியமாகத் தருவதென்று முடிவு செய்தார். அதோடு நின்றிருக்கலாம்.

"வருபவரை 'நீ உழவன்தானா' என்று விசாரிப்பது அவமதிப்பு. ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பலாகாது. ஆயினும் விதைக்காதவர் கையில் ஒரு மணி நெல்லும் தங்கலாகாது" என்றார்.

சபை விழித்தது. களஞ்சியத் தலைவர் வீரசேகரர் மட்டும் எழுந்து, இத்தனை நுட்பமான பணிக்கு விகடகவி செங்கோடனே தகுந்தவர் என்று பணிவோடு சொன்னார். தவறினால் நாடு கடத்தலாம் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார். அரசர் தலையசைத்தார்.

செங்கோடனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீரசேகரரின் வண்டிகள்தாம் முதலில் வந்து நிற்கும். நெல் நேரே வணிகர் கிடங்குக்குப் போகும். உழவர்கள் வந்து சேரும்போது களஞ்சியத்தில் எலிதான் மிச்சமிருக்கும். விதைக்கும் பருவம் தப்பினால் அவர்களுக்கு இன்னொரு பஞ்சம்.

அன்று காலையே அவன் முரசறையச் செய்தான்: "நாளை மறுநாள் விதை வழங்கப்படும். நாற்றங்காலை உழுது சேறாக்கி வைத்துவிட்டு வாருங்கள்." முதல் பாதியைக் கேட்டதுமே வீரசேகரர் வண்டிகளைத் தயார் செய்யப் போய்விட்டார்.

செங்கோடன் களஞ்சியத்து விதைநெல்லை மூட்டை மூட்டையாக அரண்மனைக் குளத்தில் ஊறப்போட்டான். மறுநாள் எடுத்து, நீரை வடித்து, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல்லை ஏற்றினான். ஈரமும் கதகதப்பும் சேர்ந்தால் நெல் சும்மா இருக்காது. உமியைக் கிழித்துக்கொண்டு வெள்ளை முளை மூக்கை நீட்டும். அதை உடனே சேற்றில் தூவினால் வேர் பிடிக்கும். மூட்டையிலேயே கிடந்தால் தன் சூட்டில் தானே வெந்து நாறும்.

விநியோக நாளன்று வீரசேகரர்தாம் முதல் ஆள். செங்கோடன் எதையும் விசாரிக்காமல் மூட்டைகளை ஏற்றிவிட்டான். வண்டியெல்லாம் நீர் சொட்டியது. காத்திருந்த வணிகர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"இதை எவன் வாங்குவான் ஐயா? குத்தினா அரிசியும் வராது" என்று நழுவிவிட்டார்.

வரிசையில் பின்னால் நின்ற காத்தாயி என்ற உழவர் பெண்ணுக்கு முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. "ஐயாவோட நாத்தங்கால் எந்தப் பக்கம்? இன்னைக்கே தூவியாகணுமே" என்று அக்கறையோடு கேட்டாள். வரிசையே சிரித்தது.

வீரசேகரர் அரசரிடம் ஓடி, அரண்மனை நெல்லை விகடகவி பாழாக்கிவிட்டதாக முறையிட்டார். செங்கோடன் வரவழைக்கப்பட்டான்.

"அரசே, நான் யாரையும் விசாரிக்கவில்லை. யாரும் வெறுங்கையோடு போகவுமில்லை. விதைக்காதவர் கையில் அந்த நெல் தங்கவும் தங்காது. ஐயம் இருந்தால் தலைவர் இரண்டு நாள் தம் மாளிகையில் வைத்து முகர்ந்து பார்க்கட்டும்."

அரசர் வீரசேகரரை ஏற இறங்கப் பார்த்தார். "விதை வாங்கினீர் என்றால் நீர் உழவர்தானே. மாலையில் உம் விதைப்பைப் பார்க்க வருகிறோம்."

நாற்றங்காலுக்கு எங்கே போவது? வீரசேகரர் காத்தாயியிடமே போய் நின்றார். அவளும் அக்கம்பக்கத்தாரும் மூட்டைகளையெல்லாம் தங்கள் வயல்களில் இறக்கிக்கொண்டு, அவருக்கு ஒரு மூலையை ஒதுக்கினார்கள். மாலையில் அரசர் வரப்பில் வந்து நின்றபோது, வீரசேகரர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் தள்ளாடிக்கொண்டிருந்தார்.

"கையை வீசித் தூவுங்க ஐயா," என்றாள் காத்தாயி, "காக்காய்க்குச் சோறு வைக்கிற மாதிரி இருக்கு."

அரசர் சிரித்த சிரிப்பில் வரப்பிலிருந்து வழுக்கி, குடைபிடிப்பவனைப் பற்றிக்கொண்டார். வீரசேகரரின் இடுப்பிலிருந்த களஞ்சியச் சாவியை அங்கேயே கழற்றி, சேறு சொட்டச் சொட்டச் செங்கோடன் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த நாட்டில் விதை மானியம் நனையாமல் களஞ்சியத்தை விட்டு வெளியே போனதே இல்லை.